ஆம்பூல் அக்கா யாரையும் நம்பமாட்டார்

எங்கள் ஆம்பூல் அக்கா நம்பிய ஒரு மனிதர் இந்தப் பூமியில் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும், அந்தப் பச்சைக் குழந்தையின் மூடிய கையை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் அக்கா தொட்டிலை விட்டு நகர்வார்.

திண்டுக்கல் பைபாஸை ஒட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் பி.ஆர்.ஓ.வாக இருந்தேன். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். டை கட்டிக்கொண்டு திட்டு வாங்குகிற வேலை. படுக்கைவிரிப்பு அழுக்கு என்றாலும், கேன்டீன் சாம்பாரில் கரண்டியைத் தவிர ஒன்றும் தட்டுப்படவில்லை என்றாலும், லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் எல்லாரும் என் அறைக்குத்தான் வருவார்கள். சிரித்தபடியே தண்ணீர் கொடுப்பேன். அங்கே நான் கேட்ட புகார்களில் பாதி, ஒரே ஒரு ஆளைப் பற்றியவை.

அவர்தான் எங்கள் தலைமை மருந்தாளுநர். மருந்தகத்தின் உள்ளறையில் சுவரோடு பதித்த ஓர் இரும்பு அலமாரி உண்டு. மார்ஃபின், பெத்திடின், ஃபென்டனில் என்று வலியைக் கொல்லுகிற, தப்பான கையில் சிக்கினால் ஆளையே கொல்லுகிற மருந்துகள் அதில் இருக்கும். அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி டியூட்டி டாக்டரிடம், இன்னொன்று அக்காவின் இடுப்பில். அந்த மருந்துகள் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும். கழுத்தை உடைத்து ஊசியில் ஏற்ற வேண்டும். அந்தக் குப்பிக்குத்தான் ஆம்பூல் என்று பெயர். புதிதாக ஓர் ஆம்பூல் வேண்டுமென்றால், முன்னே வாங்கிய ஆம்பூலின் காலிக் குப்பியைத் திருப்பித் தர வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் உள்ள விதிதான். மற்ற இடங்களில் அதை விதி என்பார்கள். நாங்கள் அதை அக்கா என்றோம்.

"வணக்கம் அக்கா" என்றால் அவர் பதிலுக்கு வணக்கம் சொல்ல மாட்டார். "காலி எங்க?" என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, எல்லாப் பிரிவுக்கும் போய் அறிமுகம் செய்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள். மருந்தகத்துக்குப் போய், கற்றுக்கொண்ட சிரிப்பு முழுவதையும் முகத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருலே நீ?"

"புது பி.ஆர்.ஓ.க்கா. வடமதுரை."

"எதுக்குச் சிரிக்கிற?"

"சும்மா, ஒரு இதுக்குத்தான்..."

"காரணம் இல்லாமச் சிரிக்கிறவன நான் அலமாரிப் பக்கம் விடுறதில்ல. அந்தக் கோட்டுக்கு அங்கிட்டு நில்லு."

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். சிவப்பு பெயின்டில் ஒரு கோடு. அதை அவரே குனிந்து போட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரியின் சொந்தக்காரரான பெரிய டாக்டர் உட்பட யாரும் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

முதல் புகார் அதே வாரம் வந்தது. எலும்பு டாக்டர் பச்சை அங்கி, தொப்பி, கையுறையோடு என் அறைக்குள் புயலாக நுழைந்தார். நோயாளிதான் தப்பி ஓடிவந்துவிட்டார் என்று பயந்து எழுந்து நின்றேன். நடந்தது இதுதான். ஆபரேஷன் பாதியில் இன்னொரு ஆம்பூல் தேவைப்பட்டிருக்கிறது. நர்ஸ் அவசரத்தில் காலியை எடுக்காமல் ஓடிப்போயிருக்கிறார். அக்கா மருந்தைத் தாமதிக்கவில்லை. நோயாளியைக் காக்கவைப்பது அவர் அகராதியிலேயே இல்லை. ஆனால் ஆம்பூலை நர்ஸ் கையில் கொடுக்காமல், தன் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நேராக ஆபரேஷன் தியேட்டருக்கே போய்விட்டார். தொப்பி, முகமூடி எல்லாம் முறையாகப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்து, மருந்தைக் கொடுத்துவிட்டு, பழைய காலி, புதுக் காலி இரண்டும் கைக்கு வரும்வரை சுவரோரமாக நின்றிருக்கிறார்.

"நிக்கட்டும் சார், அதப் பத்தி ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். "ஆனா ஒரு மனுஷனோட தொடையத் தொறந்து வெச்சிருக்கேன். பின்னாடி இருந்து இந்தம்மா, 'டாக்டர், செத்த வெரசாத் தையிங்க, நான் இன்னும் சாப்பிடல'ங்குது!"

தண்ணீர் கொடுத்தேன்.

அடுத்து, காணாமல்போன காலி. ஒரு நாள் மத்தியானம் ஃபென்டனில் காலிக் குப்பி ஒன்று திரும்பி வரவில்லை. மருந்து இல்லை ஐயா, வெறும் உடைந்த கண்ணாடி. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. தரைத்தளத்தின் இரண்டு கதவுகளையும் அக்கா மூடச் சொல்லிவிட்டார். தீபாவளி இனிப்பு கொடுக்க வந்த பெரிய டாக்டரின் மனைவி உள்ளே மாட்டிக்கொண்டார். வரவேற்பறையின் நடுவில் ஒரு பெட்ஷீட்டை விரித்து, தியேட்டர் குப்பை முழுவதையும் அதில் கொட்டி, கையில் தடித்த உறை போட்டுக்கொண்டு அக்கா கிளறிய காட்சியை நோயாளிகளின் சொந்தக்காரர்கள் மாடிப்படியில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். மயக்க மருந்து டாக்டர் கடைசியாக வெளியே வந்தார். அவர் நடக்கும்போது ஒரு காலில் மட்டும் கிர்ர், கிர்ர் என்று சத்தம். அக்காவின் தலை நிமிர்ந்தது.

"டாக்டர், செருப்பக் கழட்டுங்க."

செருப்பின் அடிப்பாகத்தில் குத்திக்கொண்டிருந்தது அந்தக் காலி. அக்கா அதைப் பிடுங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எங்கடி போயிட்ட நீ?" என்றார். பெற்ற பிள்ளையைத் திருவிழாவில் தொலைத்துக் கண்டுபிடித்தவர் முகம்கூட அப்படி இருக்காது. டாக்டர் ஒற்றைச் செருப்போடு நின்றார். இனிப்புப் பெட்டியோடு நின்ற பெரிய டாக்டரின் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அலமாரியைச் சோதிக்க வந்த அரசு அதிகாரியையே வெளி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, "இப்பிடி ஒருத்தரு வந்திருக்காரு, ஒசரமா, மீச வெச்சு. உங்க ஆளுதானா?" என்று விசாரித்தவர் அவர். அந்த அதிகாரியும் என்னிடம்தான் வந்தார். அவருக்கும் தண்ணீர் கொடுத்தேன்.

உச்சம், அவர் மகளின் கல்யாணம். பேகம்பூர்ப் பக்கம் ஒரு மண்டபம். அக்காவின் அத்தா, அதாவது அவர் அப்பா, அந்தக் காலத்தில் தோல் கிட்டங்கி வைத்திருந்தவர் என்பதால் ஊரே திரண்டிருந்தது. பிரியாணி தம்மில் இருக்கிறது, பெரியவர்கள் மேடையில் உட்கார்ந்துவிட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அம்மாவைத் தேடுகிறார்கள். ஆளைக் காணோம். சாதாரணமாக லீவு போட்டால் சாவியைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த மருந்தாளுநரிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அன்று அக்கா கொடுக்கவில்லை. ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு மார்ஃபின் வேண்டும் என்று போன் வந்ததும், பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, தலையில் முக்காடோடு ஓர் ஆட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். மருந்தை எடுத்துக் கொடுத்தார். காலியை வாங்கினார். அதே ஆட்டோவில் திரும்பினார்.

நான் மண்டப வாசலில் நின்றிருந்தேன். "என்னக்கா இது, அநியாயமா இருக்கே? சாவியக் குடுத்துட்டு நிம்மதியா இருக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"குடுத்துட்டு வந்தா எனக்குப் பிரியாணி தொண்டையில எறங்குமாலே?" என்றபடி உள்ளே ஓடினார். அவர் போய் உட்காரவும் மேடையில் மணமகள் நிக்காஹ் பதிவேட்டில் கையெழுத்துப் போடவும் சரியாக இருந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எனக்குப் புரியாத ஒரு பழக்கம் அவரிடம் இருந்தது. மருந்தாளுநருக்கு வார்டில் வேலையே கிடையாது. அக்கா தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு வார்டு வார்டாகப் போவார். ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்களின் தலைமாட்டில் நின்று, "வலிக்குதா?" என்று கேட்பார். இல்லை என்றால் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டில். உடம்பு எப்படி, வீட்டில் யார் யார், ஒன்றும் கிடையாது. "ஒரு அம்மா வந்து மொறச்சுப் பாத்து வலிக்குதாங்குது சார், தூங்குன மனுஷன் முழிச்சிக்கிட்டாரு" என்று புகார்கள் வரும்.

அக்காவிடம் கேட்டேவிட்டேன். "உங்களுக்கு எதுக்குக்கா இந்த வேல?"

"ஏலே, காலி எனக்கு வந்துருச்சு. சரி. உள்ள இருந்த மருந்து எங்க போச்சு? அந்த ஆளு ஒடம்புக்குள்ள போச்சான்னு நான் எப்பிடித் தெரிஞ்சுக்கிறது? அவங்கிட்டதான் கேக்கணும்."

நாட்டில் கடிதம் கொடுக்கிற தபால்காரர் யாராவது, 'படிச்சீங்களா, அழுதீங்களா?' என்று திரும்பி வந்து கேட்டது உண்டா? நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

யாரையும் நம்பாத அக்காவுக்கு ஒரே ஒரு சிநேகிதி உண்டு. ஸ்டெல்லா சிஸ்டர். ஆபரேஷன் முடிந்தவர்களைக் கவனிக்கும் வார்டின் தலைமை நர்ஸ். அக்கா பாறை என்றால் இவர் பஞ்சு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு தனியாள். நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லிக்கொள்கிறார்களோ இல்லையோ, ஸ்டெல்லா சிஸ்டரிடம் சொல்லாமல் போகமாட்டார்கள். மத்தியானம் அக்காவும் அவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான், அதில் சலுகை கிடையாது. ஆனால் தன் டப்பாவில் இருக்கும் கறித்துண்டைக் கேட்காமலே எடுத்து ஸ்டெல்லாவின் தட்டில் வைப்பார். "வெஞ்சனம் இல்லாம வெறுஞ்சோறத் திங்கிறா பாரு" என்று திட்டிக்கொண்டே வைப்பார்.

ஒரு சித்திரை மாதம், தொப்பம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து வந்தார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆனால் மனிதர் போட்ட கூச்சலில் வார்டே தூங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னிடம் வந்தார்கள். டாக்டர், "சிலருக்கு வலி தாங்காது, கொஞ்சம் நாடகமும் இருக்கும்" என்றார். ஊசி நேரத்துக்குப் போடப்படுகிறது என்று ஸ்டெல்லா சிஸ்டரும் சொன்னார்.

மத்தியானம் அக்கா வந்தார். "வலிக்குதா?"

"ஏனுங்க அம்மிணி, உசுரே போவுதுங்க" என்றார் அந்தப் பெரியவர். கண்ணில் நீர் ஒழுகியது. "மரத்துல இருந்து உழுந்தப்பக்கூட இப்பிடி இல்லீங்க."

"ஊசி போட்டாங்களா?"

"போட்டாங்க. தண்ணியாட்டம் ஒண்ணுமே தெரியலீங்க."

அக்கா அங்கேயே நின்றார். அலட்சியமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அடுத்த ஊசி நேரத்துக்கு அவரே ஆம்பூலைக் கையில் பொத்திக்கொண்டு வந்தார். வேறொரு நர்ஸைக் கூப்பிட்டுத் தன் கண்முன்னால் உடைத்துப் போடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பெரியவரின் முகம் தளர்ந்தது. பிறகு குறட்டை கேட்டது. வார்டே பெருமூச்சு விட்டது. அக்காவின் முகம் மட்டும் சாம்பல் பூத்துவிட்டது.

"மருந்து நல்ல மருந்துதான்" என்றார் என்னிடம், மிக மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு நாள் வார்டிலேயே கிடந்தார். கட்டில் கட்டிலாகக் கேட்டார். மற்றவர்கள் ஊசி போட்டால் வலி போகிறது. ஒருவர் போடும்போது மட்டும் போகவில்லை. அந்த ஒருவர் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால், "பி.ஆர்.ஓ., என்கூட வா, சாட்சி வேணும்" என்று அவர் கூப்பிட்டபோது போயிருக்கமாட்டேன்.

நர்ஸுகள் உடை மாற்றும் அறைக்கு வெளியே அக்கா கதவைத் தட்டினார். ஸ்டெல்லா சிஸ்டர் திறந்தார். சீருடைக்கு மேலே முழுக்கை ஸ்வெட்டர். திண்டுக்கல் வெயிலில், தார் உருகுகிற சித்திரையில், அவர் ஸ்வெட்டர் போட்டிருப்பதை நாங்கள் எல்லாரும் மாதக்கணக்கில் கிண்டல் செய்திருக்கிறோம். ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்பார்.

"ஸ்வெட்டரக் கழட்டுடி" என்றார் அக்கா.

"என்னக்கா வெளையாடுறீங்க? சார் வேற நிக்கிறாரு."

"கழட்டு."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு சிரிக்க முயன்றார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்து, அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா குனிந்து அவர் இடது கையின் ஸ்வெட்டரை முழங்கைக்கு மேலே தள்ளினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மணிக்கட்டிலிருந்து மேலே வரை ஊசி குத்திய தழும்புகள். பழையவை, புதியவை, பழுத்தவை. நோயாளிகளுக்கு வெறும் உப்புநீர் போயிருக்கிறது. மருந்து இந்தக் கைக்கு வந்திருக்கிறது. காலிக் குப்பிகள் மட்டும் ஒழுங்காக அக்காவிடம் திரும்பியிருக்கின்றன.

அந்த ஆஸ்பத்திரியில் நான் கடவுளுக்கு அடுத்தபடியாக வைத்திருந்த மனுஷி அவர்.

"எப்ப இருந்துடி?"

"முதுகுக்கா." ஸ்டெல்லா விம்மினார். "ஆள் ஆளாத் தூக்கித் தூக்கி முதுகு போச்சு. ஒரு நாள் மிச்சம் இருந்ததப் போட்டேன். வலி நின்னுச்சு. அப்புறம்... அப்புறம் முதுகு வலிக்காமயே வேணும்னு ஆயிருச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே நீ."

"உங்ககிட்டயா? நீங்கதான் யாரையும் நம்ப மாட்டீங்களே!"

அந்த இரும்பு அலமாரியே அக்காவின் மேல் விழுந்த மாதிரி ஓர் அடி அது. கதவு நிலையைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டு, ஸ்டெல்லாவைத் தூக்கி எழுப்பினார்.

பெரிய டாக்டர் அறைக்கு நாங்கள் மூவரும் போனோம். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னலையும் சாத்தினார். "ராஜினாமா எழுதி வாங்கிட்டு அனுப்பிருவோம். வெளிய தெரிஞ்சா ஆஸ்பத்திரி பேரு என்னாகும்? பி.ஆர்.ஓ., நீங்க என்ன சொல்றீங்க?"

நான் என்ன சொல்வேன்? பேரைக் காப்பாற்றத்தானே எனக்கு டை கட்டிவிட்டிருக்கிறார்கள். "அதான் சார் எல்லாருக்கும் நல்லது" என்றேன்.

"யாருக்குலே நல்லது?" அக்கா திரும்பினார். "கமுக்கமா அனுப்பிவிட்டா இவ பழனியிலயோ மதுரையிலயோ இன்னொரு ஆஸ்பத்திரியில போய்ச் சேருவா. அங்க எவன் இவ ஸ்வெட்டரக் கழட்டப் போறான்? ஒரு நாள் கூடப் போட்டுக்கிட்டுச் செத்துக் கெடப்பா. அதுவரைக்கும் அங்க படுத்திருக்கிறவன் எல்லாம் கத்திக்கிட்டே கெடக்கணுமா? முறப்படி சர்க்காருக்கு எழுதிக் குடுங்க டாக்டர். வலி தாங்குன ஆளுககிட்டயும் உண்மையச் சொல்லணும்."

"சொல்லலேன்னா?"

"நான் சொல்லிருவேன்."

"அப்ப நீங்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். மகள் கல்யாணத்தில்கூட இறங்காத சாவி. அந்தச் சத்தத்தில் பெரிய டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் சாவியையே பார்த்தார். கடைசியில் அதை அக்கா பக்கம் தள்ளிவிட்டு, தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.

ஸ்டெல்லா அப்போது அக்காவைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை அச்சில் ஏற்ற முடியாது. பஞ்சு மாதிரி இருந்த வாயிலிருந்து அது வந்தது என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.

தொப்பம்பட்டிப் பெரியவரிடம் அக்காவே போய்ச் சொன்னார். பெரிய டாக்டரும் தலைகுனிந்து கூட நின்றார். பெரியவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஆஸ்பத்திரியின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினார். படுத்த வாக்கிலேயே ஒரு மனிதர் அவ்வளவு திட்ட முடியும் என்பது எனக்குத் தெரியாது. மூச்சு வாங்கியது. சற்று நிறுத்திவிட்டு, "ஏனுங்க அம்மிணி, அந்தப் புள்ளைக்கு அப்பிடி என்னங்க வலி?" என்று கேட்டார்.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஊர் அக்காவைக் கரித்துக்கொட்டியது. கூடவே உட்கார்ந்து சோறு தின்றவளைக் காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று நர்ஸுகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும்தான் பேசவில்லை. அடுத்த வாரம் அக்கா நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தார். அத்தனை வருஷத்தில் அவர் போட்ட முதல் நீண்ட விடுப்பு. புது மருந்தாளுநரைக் கோட்டுக்கு உள்ளே விட்டு, சாவியைக் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அவமானம் தாங்காமல் ஒதுங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டோம்.

அப்புறம் எனக்கு மதுரையிலிருந்து ஒரு போன் வந்தது. போதை மீட்பு சிகிச்சை மையம். பேசியவர் அந்த மையத்தின் மருந்தாளுநர். குரலில் அழுகை.

"சார், நீங்க திண்டுக்கல் ஆஸ்பத்திரி பி.ஆர்.ஓ.தானே? உங்க ஸ்டாஃப் ஒரு அம்மா இங்க ஒரு நோயாளிக்குத் துணைக்கு வந்து தங்கியிருக்காங்க. நான் மாத்திரை எடுத்துட்டுப் போனா மூடி, ரேப்பர் எல்லாம் கேக்குறாங்க. நேத்து என் பையத் தொறந்து பாத்தாங்க. தயவுசெஞ்சு கூட்டிட்டுப் போயிருங்க சார்!"

நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

ஸ்டெல்லா கட்டிலில் சுருண்டு கிடந்தார். வேர்த்து, நடுங்கி, கண் உள்ளே போயிருந்தது. அக்கா பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். அவர் கன்னத்தில் நகக்கீறல்.

"போ, என் மூஞ்சியில முழிக்காத! ஒன்னாலதான் எல்லாம் போச்சு!" என்று ஸ்டெல்லா கத்தினார்.

"சரிடி. இந்தச் சொளையத் தின்னுட்டுத் திட்டு."

சுளை பறந்துவந்து என் டையில் விழுந்தது. அக்கா அடுத்ததை உரித்தார்.

வெளியே வந்து என்னிடம் பேசினார். தானாகச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு, வழக்கிலிருந்து விலக்குப் பெறச் சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறதாம். அதை விசாரித்து, வக்கீலைப் பார்த்து, ஸ்டெல்லாவை இழுத்துவந்து சேர்த்ததும் அவர்தான். சேர்க்கும்போது 'நோயாளிக்கு என்ன உறவு?' என்று கேட்டிருக்கிறார்கள். கூடப்பிறந்த அக்கா என்று சொல்லிவிட்டாராம். ஒரு பெயர் ஸ்டெல்லா, இன்னொரு பெயர் முஸ்லிம் பெயர். எழுதிக்கொண்டவர் பேனாவை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாராம்.

"ஏங்க்கா இதெல்லாம்? உங்களத்தான் இந்தத் திட்டுத் திட்டுறாங்களே."

"வலியில இருக்கிறவ வேற என்ன பண்ணுவா?" என்றார். "ஏலே, அவ சொன்னது சரிதான். நான் யாரையும் நம்பமாட்டேன்னு அவ என்கிட்டச் சொல்லல. இனிமேலும் நான் நம்பப் போறதில்ல. அது என் தொழிலு. அதுக்காக அவள விட்டுற முடியுமா?"

அதுவரை, ஒருவரை நம்பினால்தான் அவர்மேல் பாசம் வைக்க முடியும் என்று நினைத்திருந்தேன்.

ஸ்டெல்லாவுக்கு நர்ஸ் வேலை போனது. விசாரணைகள் வந்தன, போயின. ஒருமுறை பாதியில் மையத்தை விட்டு ஓடினார். அக்கா பெரியார் பேருந்து நிலையத்தில் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார். எல்லாம் தேறி வர வெகுநாள் ஆனது. பிறகு பெரிய டாக்டரே எங்கள் ஆஸ்பத்திரியின் துணிப் பிரிவில் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். மருந்து வாசனையே எட்டாத இடம். சேர்ந்த புதிதில் அவர் அக்காவிடம் பேசவே இல்லை. பிறகு சண்டை போட மட்டும் பேசினார். அதற்கே அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

நான் அந்த வேலையை விட்டு எழுத வந்துவிட்டேன். போன மாதம் அக்காவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டுப் பேகம்பூர் வீட்டுக்குப் போனேன். மகள் வெளியூரில். அடுப்படியிலிருந்து வந்தவர் ஸ்டெல்லா. அரைக்கை ரவிக்கை. தழும்புகள் மங்கியிருந்தன, மறைக்கவில்லை. துணைக்கு வந்து தங்கியிருக்கிறாராம்.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். வலி மாத்திரை அட்டை எங்கே என்று தேடினேன். தலையணை உறைக்குள் திணித்து அதன்மேலேயே படுத்திருந்தார்.

"பாத்தீங்களா சார்?" ஸ்டெல்லா வாய்விட்டுச் சிரித்தார். "தூக்கிக் குளிப்பாட்டுறது நானு. மாத்திரைய மட்டும் என்கிட்டக் காட்ட மாட்டாங்க."

"காட்ட மாட்டேன்டி. போய் உலையப் பாரு" என்றார் அக்கா. ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே போனார். அக்கா அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கிளம்பியபோது சாயங்காலம் ஆகியிருந்தது. வாசல் வரை போனவனை அக்கா திரும்பக் கூப்பிட்டார். "ஏலே, பஸ்ஸு ஓரமா நிக்காத. வீட்டுக்குப் போய்ச் சேந்ததும் போன் போடு."

வடமதுரை என்ன வடதுருவமா? சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்கியதும், செருப்பைக் கழற்றும் முன்னே அவருக்குத்தான் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.